ஒன்பது ஐஸ் குச்சிகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டில் சொல்வார்கள். வகுப்பில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அங்கே இருப்பவர்களின் உயரத்துக்கு என் மூக்கு தெரியாது.

என்னுடையது ஒரே அறையில் இரண்டு வகுப்பு. ஜன்னல் பக்கம் பாலர் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர், சுவர்ப் பக்கம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். ஐந்து வயதுக்காரர்கள் சின்னவர்கள், ஆறு வயதுக்காரர்கள் பெரியவர்கள். பெரியவர்களுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. செருப்பை வலது இடது மாற்றிப் போட்டுக்கொண்டு, முன்பல் இரண்டும் இல்லாத வாயால், “சின்னப் பசங்கன்னா அப்படித்தான் டீச்சர், நாமதான் பொறுத்துப் போகணும்” என்று எனக்கு ஆறுதல் சொல்வார்கள்.

காலையில் எங்கள் முதல் வேலை குச்சி போடுவது. மூடியில் கீறல் போட்ட பிஸ்கட் டப்பா ஒன்று வைத்திருக்கிறேன். பள்ளி திறந்த நாளிலிருந்து, வகுப்பு நடக்கும் நாள் ஒன்றுக்கு ஒரு குச்சி அதற்குள் போகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை டப்பாவைத் திறந்து கொட்டுவோம். பத்து இருக்கும். சின்னவர்கள் எண்ணுவார்கள், பெரியவர்கள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவார்கள், கட்டு மேஜை மேல் இருக்கும் டம்ளருக்குப் போகும். பத்துக் கட்டு சேர்ந்தால் நூறு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு நூறு என்பதைக் கையில் கொடுக்க இதைவிட லேசான வழி எனக்குத் தெரியாது. அந்தப் பருவத்தில் விடுமுறை எதுவும் குறுக்கே வரவில்லை. ஐந்து கட்டு வரைக்கும் கணக்கு ஒரு குச்சிகூடப் பிசகவில்லை.

பன்னிரண்டாவது வாரம் வெள்ளிக்கிழமை டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன்.

“பத்து இருக்கும். எண்ணுங்க” என்றேன், வழக்கமான மிதப்பில்.

சின்னவர்கள் கோரஸாக எண்ணினார்கள். பத்து வந்ததும் கை தட்டினார்கள். தட்டி முடித்த பிறகுதான் தரையில் இன்னும் குச்சி கிடப்பதைப் பார்த்தார்கள். திரும்ப எண்ணினோம். பத்தொன்பது.

ஒன்றாம் வகுப்பில் ஒருவன் இருக்கிறான். எதற்கெடுத்தாலும் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்பான். அதனால் அவனுக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவன் எழுந்தான்.

“டீச்சர், ரெண்டு வாரத்துல எப்படி பத்தொன்பது நாள் வந்துச்சு? நீங்க தூக்கத்துல போட்டுட்டீங்களா?”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. குச்சிகளைக் கிளறிப் பார்த்தேன். என்னுடைய குச்சிகள் கடையில் கட்டாக வாங்கியவை, வெள்ளை வெளேரென்று இருக்கும். இதில் ஒன்பது மட்டும் ஐஸ் குச்சி. ஒன்றில் ஆரஞ்சுக் கறை, ஒன்றில் ஊதாக் கறை, இரண்டில் பல் தடம்.

வக்கீலின் அம்மா ஐஸ் கடை வைத்திருக்கிறாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

“உன் வேலைதானே இது? செய்யறதையும் செஞ்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி எந்திரிச்சு கேள்வி வேற கேக்கறியா?”

“நான் இல்ல டீச்சர்.”

“வாய மூடு. உக்காரு.”

அவன் உட்கார்ந்தான். வாய் மூடாத பிள்ளை வாயை மூடிக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட என்னையே பார்த்தான். அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. “அவன் இல்ல. நான்தான் போட்டேன்.”

சொன்னது மிளகு. சின்னவர்களிலேயே சின்னவள், ஆனால் வாயைத் திறந்தால் காரம், அதனால் மிளகு. இரண்டு வாரமாக அந்தக் காரமும் இல்லாமல் சோர்ந்துபோய்த்தான் இருந்தாள். அதையும் நான் கவனித்தேன் என்று சொல்ல முடியாது.

“எதுக்குடி போட்டே?”

அவள் பார்வை அந்த ஐஸ் குச்சிகள் மேலேயே இருந்தது.

“இருபது பேரு கஷ்டப்பட்டு எண்ணின கணக்கு. விளையாட்டா இருக்கா உனக்கு? இன்னிக்கு அறுபதாவது நாள். நூறு வர்றதுக்கு இன்னும் நாப்பது நாள் இருக்கு. இதெல்லாம் குப்பை.” சொல்லிக்கொண்டே ஒன்பது குச்சியையும் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

மிளகு அழவில்லை. தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “டீச்சர், அது ஒன்பது நாள்” என்றாள். பிறகு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மதியம் படம் வரையக் கூப்பிட்டேன், வரவில்லை. கதை சொல்லக் கூப்பிட்டேன், அதற்கும் வரவில்லை.

சாயங்காலம் அவளை அழைத்துப்போக அவள் அப்பா வந்தார். லிஃப்ட் மெக்கானிக். தோளில் கருவிப் பை, முழங்கை வரைக்கும் கிரீஸ். நடந்ததைப் புகாராகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே அவர் முகம் மாறிவிட்டது.

“தப்பு என் மேலதான் டீச்சர்” என்றார். “இவ அம்மா நர்ஸு. ஸ்கூல் தொறக்கறதுக்கு முந்தின நாள் ட்ரெய்னிங்குக்குக் கிளம்பிப் போனா. ரொம்பத் தூரம், நடுவுல வந்துட்டுப் போக முடியாது. முதல் நாள் இவளைக் கொண்டுவந்து விட்டப்போ ஒரே அழுகை. நீங்க அந்த டப்பாவுல முதல் குச்சியைப் போட்டுட்டு இருந்தீங்க. நூறு வரைக்கும் போடுவோம்னு சொன்னீங்க. ட்ரெய்னிங்கும் நூறு நாள்தான். சரின்னு, டீச்சர் நூறு குச்சி போட்டதும் அம்மா வந்துருவாங்கன்னு சொல்லிவெச்சேன்.”

“ஐஸ் குச்சி?”

“இப்ப ரெண்டு வாரமா அம்மாகிட்ட பேசிட்டு ஃபோனை வெச்சதும் அழுகைதான். எனக்கு வேற என்ன தெரியும்? கூட்டிட்டுப் போய் ஒரு ஐஸ் வாங்கிக் குடுத்துருவேன். குச்சியைக் கழுவிக் கழுவி வெச்சுக்குவா. எதுக்குன்னு கேட்டா ஸ்கூல் வேலைன்னா. நீங்கதான் கேட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

அந்தப் பிள்ளை விளையாடவில்லை. அம்மாவைச் சீக்கிரம் வரவைக்க, தன்னால் முடிந்த ஒரே வேலையைச் செய்திருக்கிறாள். ஊர் பார்க்க நான் அவளுடைய ஒன்பது நாளைத் தூக்கிக் குப்பையில் போட்டு, இன்னும் நாற்பது என்றும் சொல்லியிருக்கிறேன்.

“அப்ப அவங்க வர்றதுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஆகுமா தம்பி?” என்றேன்.

“ரெண்டு மாசமா? இல்லையே டீச்சர். இன்னும் பதினெட்டு நாள்தான். செவ்வாய்க்கிழமை வந்துருவா. வீட்டு காலண்டர்ல தினம் கோடு போட்டுட்டுத்தானே வர்றேன், இன்னிக்கு எம்பத்தி ரெண்டு.”

இரண்டு பேரும் ஒரு நிமிடம் முழித்தோம். எனக்குத்தான் முதலில் பிடிபட்டது.

“தம்பி, நாங்க சனி ஞாயிறுக்குக் குச்சி போடறதில்ல.”

அவர் கிரீஸ் கையோடு தலையில் கை வைத்தார். பன்னிரண்டு வாரமாக வீட்டில் ஒரு நூறும் பள்ளியில் ஒரு நூறும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நல்ல செய்திதானே, உடனே குனிந்து மிளகிடம் சொன்னார். “பதினெட்டே நாள்டா கண்ணு. அம்மா வந்துருவா.”

“பொய்” என்றாள் மிளகு. “நாப்பது. டீச்சர் சொன்னாங்க.”

“அது வேற கணக்கும்மா” என்றேன் நான்.

அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்பா சொல்வது ஐஸ் வாங்கிக் கொடுப்பது போல ஒரு சமாதானம் என்று முடிவு கட்டிவிட்டாள். நான் கோபத்தில் சொன்னதுதான் அவளுக்கு உண்மையாகப் பட்டது. அவர் கருவிப் பையை ஒரு தோளிலும் அவளை மறு தோளிலும் தூக்கிக்கொண்டு போனார். அந்தச் சனி ஞாயிறு இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பது நாள் காத்திருக்க வேண்டும் என்று நம்பிக்கொண்டு ஒரு பிள்ளை எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு நான் காரணம்.

திங்கட்கிழமை காலை முதலில் வக்கீலை எழுப்பி நிறுத்தினேன். “உன்னை வெள்ளிக்கிழமை சும்மா திட்டிட்டேன். நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி. தப்பு டீச்சர் மேலதான்” என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். “பரவால்ல டீச்சர். பெரியவங்கன்னா அப்படித்தான்” என்று ஒரே போடாகப் போட்டான்.

பிறகு பெரிய காலண்டரின் தாள்களைப் பிரித்து, பள்ளி திறந்த நாளுக்கு முன்னாலும் நூறாவது நாளுக்குப் பின்னாலும் இருந்த கட்டங்களை வெட்டிவிட்டு, தரையில் வரிசையாக விரித்தேன். வந்ததும் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்ட மிளகுக்கும் கேட்கும்படி, அந்தப் பக்கம் திரும்பி நின்று கேட்டேன்.

“நம்ம டப்பாவுல சனிக்கிழமைக்குக் குச்சி போடறோமா?”

“இல்ல!”

“ஏன்?”

“ஸ்கூல் இல்லையே!”

“அப்ப சனிக்கிழமை நாள் இல்லையா?”

இதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பெரியவர்களில் பாதிப் பேர், பள்ளி இல்லாவிட்டால் அது விடுமுறை, நாள் ஆகாது என்றார்கள். சின்னவர்களில் ஒருத்தி, “அன்னிக்கும் சாப்பிடறோம்ல?” என்றாள். இன்னொருவன், “பல் தேய்க்கிறோம்ல? பல் தேய்ச்சா அது நாள்தான்” என்றான். அது பலருக்கும் நியாயமாகப் பட்டது. “நான் ஞாயித்துக்கிழமை பல் தேய்க்க மாட்டேன்” என்று பின்னாலிருந்து ஒரு வாக்குமூலம் வந்தது. அவனுக்காக வக்கீல் எழுந்து, “நீ தேய்க்கலன்னாலும் உன் பல்லுக்கு ஒரு நாள் ஆயிருச்சு” என்று தீர்ப்புச் சொன்னான்.

ஆக, சனியும் ஞாயிறும் நாள்தான் என்று முடிவாயிற்று. பள்ளி திறந்த திங்கட்கிழமையிலிருந்து கட்டம் கட்டமாகக் குச்சி வைக்கத் தொடங்கினோம். வகுப்பு நடந்த நாளுக்கு வெள்ளைக் குச்சி. வீட்டில் இருந்த நாளுக்கு, நான் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு வந்த குச்சி. என் வீட்டுத் தரை இன்னும் அங்கங்கே சிவப்பாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது வாரத்துக்குக் குச்சி வைக்கும்போது மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. ஐந்தாவது வாரத்தில் மிளகு முட்டி போட்டு நகர்ந்து பக்கத்தில் வந்துவிட்டாள். எட்டாவது வாரத்தில், சிவப்புக் குச்சி வைத்துக்கொண்டிருந்தவன் கையிலிருந்து அதைப் பிடுங்கி அவளே வைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிடுங்கப்பட்டவன் என்னைப் பார்த்தான். விடு என்று கண்ணால் சொன்னேன்.

எல்லாவற்றையும் கட்டத்தில் வைத்தபடியே பத்துப் பத்தாக எண்ணினோம். எட்டுப் பத்து, மிச்சம் ஐந்து குச்சி. எண்பத்தைந்து. நூற்றுக்கு இன்னும் எவ்வளவு என்று பெரியவர்கள் விரலை மடக்கும் முன்பே மிளகு தரையில் வெற்றுக் கட்டங்களைத் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்திருந்தாள். ஒருமுறை எண்ணினாள். நம்பாமல் இரண்டாம் முறையும் எண்ணினாள். பதினைந்தாவது கட்டத்தில் விரலை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அப்பா சொன்னது நெசமா?”

“நெசம். நான் சொன்னதுதான் தப்பு. உன் குச்சியைத் தூக்கிப் போட்டதும் தப்பு.”

“இன்னும் குச்சி போட்டா சீக்கிரம் வருவாங்களா?”

ஆமாம் என்று சொல்லிவிட எனக்கு ஆசைதான். “வர மாட்டாங்கடா. குச்சி நம்ம கையில இருக்கு, நாள் நம்ம கையில இல்ல” என்றேன். அவள் உதட்டைச் சுழித்தாள். ஆனால் மேஜைக்கு அடியில் போகவில்லை.

அன்றிலிருந்து கட்டத்தில் குச்சி வைப்பது அவள் பொறுப்பு. யாரும் நியமிக்கவில்லை, எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமைகளில் மூன்று வைப்பாள், இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை. தொண்ணூறு வந்தபோது வகுப்பே எழுந்து நின்று கத்தியது. பக்கத்து அறை ஆசிரியை என்னவோ ஏதோ என்று ஓடி வந்து எட்டிப் பார்த்தார். எனக்கோ நாள் நெருங்க நெருங்கச் சந்தேகம் வந்தது. பயிற்சி நீண்டுவிட்டால்? வண்டி கிடைக்காமல் போனால்? இந்த முறை கணக்குக்கு நானே ஜாமீன் நின்றிருக்கிறேன். இரண்டு தரம் அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டு, “நிச்சயமா செவ்வாய்தானே தம்பி?” என்று கேட்டுவிட்டேன். மூன்றாம் தரம் அவரே, “டீச்சர், நீங்களும் ஐஸ் சாப்பிடுங்க” என்றார்.

பதினைந்தாவது வாரம் திங்கட்கிழமை. மிளகு சனிக்கு ஒரு சிவப்பு வைத்தாள், ஞாயிறுக்கு ஒன்று வைத்தாள், வெள்ளைக் குச்சியைக் கையில் எடுத்தாள். “தொண்ணூத்தொம்பது” என்று எல்லோரும் சொன்னோம். அவள் அதைக் கட்டத்தில் நேராக வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

கசங்கிய துணி, கையில் பெட்டி, கலைந்த தலை. ராத்திரி முழுக்க வண்டியில் உட்கார்ந்து வந்த முகம். நான் அந்தப் பெண்ணை முன்பின் பார்த்ததில்லை. ஆனால் மிளகின் முகம்தான் அது, கொஞ்சம் பெரிய அளவில்.

மிளகு தலை நிமிர்ந்தாள். ஓடவில்லை. வாசலைப் பார்த்தாள், குனிந்து மிச்சமிருக்கும் ஒரே ஒரு வெற்றுக் கட்டத்தைப் பார்த்தாள், திரும்ப வாசலைப் பார்த்தாள். வக்கீல்கூட எழவில்லை.

“நாளைக்குத்தானே நூறு?” என்றாள், கண்டிப்பான குரலில்.

அவள் அம்மா பெட்டியைக் கீழே வைத்தாள். “நேத்தே முடிச்சு விட்டுட்டாங்கடா. இன்னிக்குத்தான் வண்டின்னாங்க. அம்மாவால இன்னும் ஒரு நாள் பொறுக்க முடியல, ஓடி வந்துட்டேன்.”

மிளகு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீயும் குச்சி போட்டியா?”

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லுங்கள் என்று நான் பலமாகத் தலையாட்டினேன்.

“ஆமாடா” என்றாள். “ஒண்ணே ஒண்ணு.”

“டீச்சர் திட்டுவாங்க” என்று எச்சரித்துவிட்டு, மிளகு காலண்டரை மிதித்துக்கொண்டு, குச்சிகளைச் சிதறடித்துக்கொண்டு ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

நான் திட்டவில்லை. சிதறிய குச்சிகளைக் குனிந்து பொறுக்கினேன், இந்த முறை குப்பைத் தொட்டிக்காக இல்லை.