போன் பண்ண ஓர் ஆள்

1

இந்தக் கதை திருடியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறுதிச் சடங்கை முன்கூட்டியே பதிவுசெய்து பணமும் கட்டிவைக்கிற ஓர் அலுவலகத்தில், எனக்கு முன்னால் வந்தவர் பேசியதை ஒட்டுக்கேட்டேன். நான் எதற்கு அங்கே போனேன் என்பது அப்புறம்.

சில தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

மரணம் என்பது— (வேண்டாம். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்கமாட்டேன்.)

அவருக்கு ஒரே மகள், கடல் கடந்து— (அவருக்கு மகளே கிடையாது. உங்களை அழவைக்க நான் பெற்றுப்போட்டது.)

கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்பார்கள். இரண்டையும் பண்ணாத ஒருவர் தன் சாவை ஏற்பாடு பண்ண வந்தார். இது பரவாயில்லை. இருக்கட்டும்.

2

வந்தவர் லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். லிஃப்ட்காரர் என்றே வைத்துக்கொள்வோம். மேஜைக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மா.

"பெட்டி எங்க வீட்டு லிஃப்ட்ல படுத்து வராதும்மா. நிக்க வச்சாத்தான் வரும். அப்படிப் பண்ணிடாதீங்க. வாழ்நாள் பூரா லிஃப்ட்ல நின்னாச்சு. படியில இறக்குங்க."

"சரிங்க சார். படியிலேயே இறக்கச் சொல்றேன்."

(இந்த அம்மாவைக் கல்நெஞ்சக்காரியாக எழுதத்தான் ஆசை. கதைக்குக் கொஞ்சம் காரம் வேண்டாமா? ஆனால் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். இவரை வைத்துக்கொண்டு என்ன கொடுமை செய்ய முடியும்?)

பெட்டி, வண்டி, பூ எல்லாம் முடிவானது. பணமும் கட்டியாயிற்று.

"நீங்க தவறிட்டா எங்களுக்கு யார் சார் போன் பண்ணுவாங்க? அவங்க நம்பரச் சொல்லுங்க."

அவர் மளமளவென்று ஒரு நம்பரைச் சொன்னார். அம்மா நிமிர்ந்தார்.

"இது உங்க நம்பர் சார்."

"ஆமா. எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

"நீங்கதான் அப்ப இருக்க மாட்டீங்களே."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"யாரும் சொல்லலன்னா?"

"எங்களுக்கு எப்படி சார் தெரியும்? வண்டி வராது."

3

அவருக்கு ஓர் அண்ணன் உண்டு. பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் என்பதற்கு ஒரு வரைவில் சொத்து என்று எழுதினேன், இன்னொன்றில் ஒரு கல்யாணம். இரண்டையும் தூக்கிவிட்டேன். அண்ணனும் தம்பியும் பேசாமலிருக்கக் காரணமா வேண்டும்? "தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்" என்று எழுதி, அதையும் அடித்தேன். இத்தனை வருஷமாக ஆடியதாகத் தெரியவில்லை.

வேறு யாரும் இல்லாததால், போனில் பதிந்திருந்த நம்பரைத் தேடி அவர் அண்ணனை அழைத்தார். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். அதனால் எனக்கும் கேட்டது.

"யாரு?"

"நான்தான்."



"என்னடா, யாராவது செத்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல. நான் செத்தா சொல்றதுக்கு ஒரு ஆள் வேணுமாம். ஒன் நம்பரக் குடுக்கட்டுமா?"

"குடு. ஆனா நீ செத்தது எனக்கு எப்படிடா தெரியும்?"

லிஃப்ட்காரர் அந்த அம்மாவைப் பார்த்தார்.

"தினம் காலைல போன் பண்றேன். பண்ணலன்னா போயிட்டேன்னு வச்சுக்க."

"பேசணுமா?"

"பேச வேணாம். மணி அடிச்சாப் போதும்."

"சரி. மறந்து தொலைச்சிடாத."

நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பட்டும் படாமலும் எழுதுவதாகத்தான் திட்டம். இந்த ஒரு வரி மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

4

முடிவுகள்:

(அ) ஒருநாள் அவர் போனுக்குச் சார்ஜ் போட மறக்கிறார். பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால், படியில் இறக்குவதற்கு நாலு பேர் தயாராக நிற்கிறார்கள்.

(ஆ) பேச வேண்டாம் என்றவர்கள் பேசித் தொலைக்கிறார்கள். பழைய சண்டை திரும்பக் கிளம்புகிறது. மறுநாளும் மணி அடிக்கிறது, விட்ட இடத்திலிருந்து தொடர.

(இ) ஒரு காலை தம்பி அழைக்கிறார். மணி அடிக்கிறது. அண்ணன் எடுக்கவில்லை. மறுபடியும்— (மனம் வரவில்லை. விட்டுவிடுகிறேன்.)

5

எது நடந்ததென்று எனக்குத் தெரியாது. அவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்தது என் முறை. ஆமாம், நானும் அதற்குத்தான் போயிருந்தேன்.

பெட்டி, வண்டி எல்லாம் சுருக்கமாக முடிந்தது. பூ வேண்டாம் என்றேன். கடைசியில் அந்த அம்மா கேட்டார்.

"உங்களுக்காக எங்களுக்கு யார் சார் போன் பண்ணுவாங்க?"

எனக்கு அண்ணன் இல்லை. தம்பியும் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சிரித்தது நினைவுக்கு வந்தது.

"நான் கதை எழுதறவன்மா. படிக்கறவங்க இருக்காங்க."

"நீங்க போயிட்டது அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"எழுதறது நின்னுபோயிடுமே."

அம்மா கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். கிண்டல் செய்யவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நின்னா, தேடுவாங்களா சார்?"

கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். என் படிவத்தில் அந்த நம்பருக்கான இடத்தை அந்த அம்மா இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறார். இந்தக் கதையில் பாதியில் நிற்கும் வாக்கியங்களை எல்லாம் நானேதான் நிறுத்தினேன், பயப்பட வேண்டாம். ஆனால் கேட்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன், அதனால் கேட்கிறேன்.

தேடுவீர்களா?