பார்த்துக்கொண்டு நிற்க முடியாதவள்

எங்கள் தையல் ஆலை நாடகக் குழுவில் எனக்குச் சாகிற வேடம் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தோழி, தாதி, கூட்டத்தில் நிற்கிறவள் என்று காலத்தை ஓட்டிய பிறகு, பழைய சோக நாடகம் ஒன்றில் இளைய ராணி ஆனேன். அக்கா கையால் விஷம் வாங்கிக் குடித்து, மேடை நடுவில் துடித்துச் சாக வேண்டும். வீட்டில் கண்ணாடி முன்னால் செத்துச் செத்துப் பழகினேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டுச் சாகச் சொன்னார்.

அக்காவாக நடித்தவள் என் நாத்தனார். அதே ஆலையில் பொத்தான் தைக்கிறவள். தகராறே அவளால்தான். மகனுக்குப் பட்டம் கிடைக்க வேண்டும் என்று பெரிய ராணி கோப்பையை நீட்டுவாள். தங்கை குடித்து முடிக்கும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஆனால் கோப்பை என் உதட்டுக்குப் பக்கத்தில் வந்தால் போதும், நாத்தனாரின் கை தானாக முன்னால் வரும். டைரக்டர் தலையில் அடித்துக்கொள்வார்.

அவளும் விடவில்லை. பெற்ற பிள்ளைக்காகப் பொய் சொல்லுவாள், சண்டை போடுவாள், சரி. இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கை சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாளா, அதற்கு ஓர் எல்லை இல்லையா என்று கேட்டாள். அந்த எல்லையை ஆசை தாண்ட வைக்கிறது, கதையே அதுதானம்மா என்றார் டைரக்டர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் சாவைக் கெடுப்பதற்கென்றே வந்து வாய்த்திருக்கிறாளே!

"எழுதினவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும். பேசாம மரம் மாதிரி நில்லு" என்றேன்.

"நிக்கிறேன் அண்ணி" என்றாள். கடைசி ஒத்திகையில் நின்றும் காட்டினாள்.

நாடகத்தன்று எங்கள் சாமான்காரர் ஒரு காரியம் செய்தார். வாள், கிரீடம், கோப்பை எல்லாம் அவர் பொறுப்பு. பித்தளைக் கோப்பை கடைசி வரிசைக்கும் பளபளக்க வேண்டும் என்று பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை அதில் ஊற்றி வைத்தார். கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதற்குள் கிரீடத்தில் கல் கழன்றுவிட்டது என்று யாரோ கூப்பிட, போட்டது போட்டபடி ஓடினார். தண்ணீர்தான் என்று நினைத்து வேறொருவர் அதைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டார். மேடை முழுக்கப் புகை போட்டிருந்தார்கள். எனக்கோ ஜலதோஷம், மூக்கு இருந்தும் இல்லாத மாதிரி.

நாத்தனார் கோப்பையை நீட்டினாள். வாங்கினேன், வசனப்படி அவள் மகனை வாழ்த்தினேன், வாய்க்குக் கொண்டுபோனேன். உதட்டில் படுவதற்குள் என் கையில் ஓர் அறை விழுந்தது. கோப்பை பறந்துபோய் உருண்டது. அடிப்பாவி என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் கீழே பார்த்தேன். சிமென்ட் தரை புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது.

திரையைப் போட்டார்கள். சாமான்காரர் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்து அழுதார். மற்ற நாளாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்கு உருண்டு கிடந்த கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் நாத்தனாரைச் சூழ்ந்துகொண்டார்கள். நெடி வந்ததா, நிறம் மாறியிருந்ததா, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று துளைத்தார்கள். அவள் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி. தண்ணின்னுதான் நெனச்சேன். நீங்க குடிக்கப் போனீங்க, பாத்துக்கிட்டு நிக்க முடியல. உங்க சீனைக் கெடுத்துட்டேன், மன்னிச்சிருங்க."

நிஜமாகவே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளை இழுத்துக் கட்டிக்கொண்டு, பூசியிருந்த பவுடரெல்லாம் கரைய அழுதேன். நல்லவேளை, அவளுக்கு நடிக்க வரவில்லை. இப்போதும் ஒரு வாய்த் தண்ணீர் தொண்டையில் இறங்கும்போதெல்லாம், நீ நல்லா இருக்கணும் தாயே என்று அவளை நினைத்துச் சொல்லிக்கொள்கிறேன்.