வெயில் தள்ளிய கல்

அக்காவுக்குக் காலையிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆய்வுக்கூடத்தில் வயதில் மூத்த இயக்குநருக்குக்கூட அவள் அக்காதான். பல வருடங்களாக ஒரே ஒரு சிறுகோளை, விண்வெளியில் சுழலும் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறாள்.

வெயிலில் சூடான கல் அந்தச் சூட்டைத் திரும்ப வெளியே விடும்போது, அதுவே கல்லை மெல்லத் தள்ளும். கல் கோணல்மாணலாக இருந்தால் நாளடைவில் அதன் சுழற்சியே மாறும். தன் கல் வேகமெடுக்கிறது என்பது அக்காவின் கட்சி. இன்று அது பொய்த்தால், அடுத்த பருவத்தில் தொலைநோக்கி வேறு யாருக்கோ போய்விடும்.

கல் சுழலும்போது அதன் வெளிச்சம் ஏறி இறங்கும். தன் கணக்குப்படி உச்சம் வரவேண்டிய நேரத்தில் திரையில் சிவப்புக் கோடு போட்டிருந்தாள். சற்றுத் தள்ளி ஒரு கறுப்புக் கோடு. சுழற்சி மாறவே இல்லையென்றால் உச்சம் அங்கே வரும். அது பக்கத்து மேசைக்காரனின் கட்சி. எதையும் நம்பாததால் அவனுக்குச் 'சந்தேகம்' என்றே பெயர்.

"அக்கா, நகத்தைக் கடிக்காதீங்க. விரலாவது மிஞ்சட்டும்."

"வாயை மூடுடா."

வெளிச்சத்தை அளந்த புள்ளிகள் திரையில் வரத் தொடங்கின. சிவப்புக் கோட்டைத் தாண்டின, உச்சம் வரவில்லை. அக்காவின் முகம் செத்துப்போயிற்று. கறுப்புக் கோட்டையும் தாண்டின. அப்போதும் வரவில்லை!

அதற்கும் பிறகுதான் உச்சம் ஆடி அசைந்து வந்தது.

"என்னக்கா இது? உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல!"

"வேகம் குறையுதுடா..." அக்கா தலையில் கை வைத்தாள். "ஐயோ, அந்தப் புடைப்பு!"

கல்லின் உருவத்தைக் கணினியில் செய்தபோது ஓரத்தில் ஒரு சின்னப் புடைப்பு வந்தது. அளவீட்டுப் பிழையாக இருக்கும் என்று அவளே வழித்துவிட்டிருந்தாள். இப்போது அதைத் திரும்ப ஒட்டிக் கணக்குப் போட்டாள். வெயில் கல்லை எதிர்ப்பக்கமாகத் தள்ளியது. புதுக் கணக்கின் கோடு புள்ளிகள் மேலேயே போய் உட்கார்ந்தது.

"விடை தெரிஞ்சப்புறம் போட்ட கணக்கு," என்றான் சந்தேகம். "நான் நம்ப மாட்டேன்."

அக்காவுக்குக் கண் கலங்கியது.

அவன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

"அதனால, அடுத்த பருவத்துல வர்ற உச்சத்துக்கு இப்பவே கோடு போடுங்க. தொலைநோக்கியை ரெண்டு பேருமா சேர்ந்து கேப்போம். வெயில் தள்ளுதுன்னு நீங்க சொல்லுங்க. சந்தேகப்பட ஒரு ஆள் வேணாமா?"