நாற்பத்தொன்றாவது எபிசோடு

கோபம் வந்தால் நான் பாத்திரம் தேய்ப்பேன். அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டு இட்லிச் சட்டியில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சுபாஸ்ரீ டி.வி.யில் யூடியூப்பைத் தள்ளிக்கொண்டே போனாள். நடுவில் ஒரு பச்சைக் கேட்டும், அதில் ‘16’ என்று எழுதிய தகரமும் வந்து மறைந்தன.

“ஏய், நில்லு நில்லு. பின்னால போ. அதைப் போடு!” என்று கத்தினேன்.

‘பதினாறாம் நம்பர் வீடு’. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது வந்த சிரிப்புத் தொடர். வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்கு அரை மணி நேரம் ஓடும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் பிறந்த கோம்பையில் எங்கள் தெருவில் அந்த அரை மணி நேரம் குழாயில் தண்ணீர் வந்தால்கூட யாரும் பிடிக்கப் போக மாட்டார்கள். கதை ஒன்றும் பெரிதில்லை. ராகவன் ஒரு கம்பெனியில் குமாஸ்தா, அவன் மனைவி வைதேகிக்குப் பேங்கில் வேலை, கூடவே ராகவனின் அம்மா. வைதேகி ஏதாவது சொல்வாள், ராகவன் பட்டென்று ஒரு பதில் கொடுப்பான், திரைக்குப் பின்னாலிருந்து நூறு பேர் சிரிப்பார்கள். வைதேகியின் கஞ்சி போட்ட காட்டன் சேலையையும் தோள்பையையும் பார்த்துத்தான் நானும் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டபடியே டீச்சரும் ஆனேன். அந்தத் தொடர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

வீடே உட்கார்ந்தது. திராட்சைக் கொடியை வெட்டிவிடும் கவாத்து முடிந்த வாரம் என்பதால் என் வீட்டுக்காரர் சுருளிவேலும் தோட்டத்துக்குப் போகாமல் இருந்தார். எனக்கு அத்தை மகன். ஓடைப்பட்டியில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது, வாயைத் திறந்தால் சிரிப்புத்தான். திராட்சை ஏற்ற வரும் கேரளா லாரிக்காரர்கள்கூட அவரைப் பார்த்தால் இறங்கி நின்று ஒரு கதை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததே அந்த வாய்க்காகத்தான்.

முதல் எபிசோடில் வைதேகி பேங்கிலிருந்து தாமதமாக வருகிறாள். வாசலிலேயே ராகவன், “பேங்குல பணத்தை எண்ணச் சொன்னா, நட்சத்திரத்தை எண்ணிட்டு வர்றியே!” என்கிறான். நூறு பேர் சிரித்தார்கள். சுபாஸ்ரீ சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் சுருக்கென்றது. போன வியாழக்கிழமை எனக்கு மீட்டிங் முடிய நேரமாகிவிட்டது. அன்று வீட்டுக்குள் நுழையும்போது இவர் சொன்னது: “பிள்ளைகள எண்ணச் சொன்னா, நட்சத்திரத்த எண்ணிட்டு வர்றியே!”

அடுத்த எபிசோடில் சாம்பார். “இதுல உப்பு இருக்கா, உப்புல இது இருக்கா?” என்றான் ராகவன். மாதம் ஒரு தடவையாவது என் சாம்பாருக்கு விழும் அதே கேள்வி. மூன்றாவதில் வைதேகியின் அண்ணன் ஊரிலிருந்து வருகிறான். என் அண்ணன் வரும்போதெல்லாம் இவர் சொல்லி, என் அண்ணனே விழுந்து விழுந்து சிரிக்கும் அத்தனையும் அதில் இருந்தது. நான்காவதில் ராகவன் வாய் திறக்கும் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னுடைய பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கை வரிசையாகத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

“மாமா, இதெல்லாம் நீங்க சொல்றதுல்ல?” என்றேன்.

“பாத்தியா, நான் சொன்னதத் திருடி அப்பவே நாடகம் போட்டுட்டாக” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இது எத்தனையாவது எபிசோடில் வருமோ என்று நினைத்தேன்.

திருட்டோடு போயிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி உள்ளே வருகிறாள், கொஞ்சம் கறுப்பு. ராகவன், “என்ன, கரண்டு போயிருச்சா?” என்று விசிறியைத் தேடுகிறான். அதற்குத்தான் இருப்பதிலேயே பெரிய சிரிப்பு. என் அத்தை, அவருடைய அம்மா கருத்தம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நம்மளத்தான் சொல்றாக” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வயதில் இதே வசனத்தை என் வகுப்பில் ஒரு பிள்ளையிடம் சொல்லி, வகுப்பையே சிரிக்க வைத்துப் பெருமைப்பட்டவள் நான். அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது?

இன்னொன்றையும் கவனித்தேன். பேங்கிலிருந்து வரும் வைதேகி அடுப்படிக்குப் போகிறாள், காபி கொண்டுவருகிறாள், துணி மடிக்கிறாள். நான்கு எபிசோடில் ஒரு தடவைகூட அவள் உட்காரவில்லை.

இது வேறொரு வாரமாக இருந்திருந்தால் டி.வி.யை அணைத்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை எனக்குக் கலந்தாய்வு. நான் ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. தலைமையாசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் வந்திருந்தது. தேனிக்குப் போக வேண்டும், காலியாக இருக்கும் பள்ளிகளில் ஒன்றை எடுக்க வேண்டும். வேண்டாமென்றால் ‘உரிமைவிடல்’ என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். கொடுத்தால் மூன்று வருடத்துக்குப் பெயர் வராது. எங்கள் பக்கம் டீச்சர்கள் பாதிப்பேர் கையில் அந்தக் கடிதத்தோடுதான் கலந்தாய்வுக்கே போவார்கள். மூன்று வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சுபாஸ்ரீ ஒரு தாளை நீட்டினாள்.

“அப்பா சொன்னாகம்மா. போன தடவ எழுதுனத போன்ல வச்சிருந்தாக. அதப் பாத்து அடிச்சு, கடையில பிரிண்ட் எடுத்துட்டு வந்துட்டேன். தேதி மட்டும்தான் மாத்துனேன். கையெழுத்து போட்டாப் போதும்.”

வாசித்தேன். ‘எனது குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பதவி உயர்வினைத் தற்காலிகமாக உரிமைவிடல் செய்கிறேன்.’ ஒரு பிழை இல்லை.

“ஏம்மா, நம்ம வீட்டுல என்ன சூழ்நிலை?” என்று கேட்டாள். குறும்புக்குக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

“அதெல்லாம் அப்படித்தான் எழுதணும்” என்றேன். சொன்ன பிறகு என் மேலேயே எரிச்சலாக வந்தது. அன்றைக்கு எண்ணெய்ச் சட்டியை அரை மணி நேரம் தேய்த்தேன்.

புதன்கிழமை உள்ளூர் விடுமுறை. சுபாஸ்ரீயும் அத்தையும் வெளியே போயிருந்தார்கள், வீட்டில் யாரும் இல்லை. நான் பாட்டுக்கு டி.வி.யைப் போட்டு நாற்பத்தொன்றாவது எபிசோடைத் தேடி எடுத்தேன். சின்ன வயதில் எனக்கு ரொம்பப் பிடித்த எபிசோடு அது. வைதேகிக்கு மேனேஜர் பதவி உயர்வு வரும், வீடே அழும், கடைசியில் எல்லாரும் கைதட்டுவார்கள் என்று ஞாபகம். நானும் டி.வி. முன்னால் நின்று கைதட்டினேன் என்பதும் ஞாபகம் இருந்தது. வசனம் ஞாபகம் இல்லை.

வைதேகி ஆர்டரோடு வந்து நிற்கிறாள். திருச்சியில் போஸ்டிங். மாமியார் மூக்கைச் சிந்துகிறாள். ராகவன் சாம்பாரைத் தீய விடுகிறான், சேலையை இஸ்திரி போட்டு ஓட்டையாக்குகிறான். பிறகு வைதேகியின் தோளில் கை போட்டு, “வீட்டுக்கு ஒரு மேனேஜர் பத்தாதா? பேங்குக்கு வேற எதுக்கு?” என்கிறான். வைதேகி சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே ஆர்டரை நான்காகக் கிழிக்கிறாள். கைதட்டல்.

நான் பின்னால் தள்ளி மறுபடியும் பார்த்தேன். மூன்றாவது தடவையும் பார்த்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், முதல் தடவை என் பெயர் பட்டியலில் வந்தபோது, சொந்தக்காரர்கள் கூடியிருந்த வீட்டில் இவர் என் தோளில் கை போட்டுச் சொன்னது இது: “வீட்டுக்கு ஒரு ஹெட்மாஸ்டர் பத்தாதா? ஊருக்கு வேற எதுக்கு?” எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அப்படி ஒரு பெருமை. இத்தனை பேர் முன்னால் மனுசன் நம்மை எப்படி உயர்த்திப் பேசுகிறார் என்று உருகிப்போனேன். அன்றைக்கே கடிதத்தை எழுதி வைத்தேன். யாரோ சம்பளத்துக்கு எழுதிய வசனத்துக்கு என் மூன்று வருடத்தைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

மதியம் அவர் சாப்பிட வந்தபோது சோறு போடுவதற்கு முன்னால் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். பார்த்தார். முகம் சுருங்கும், ஒரு தயக்கமாவது வரும் என்று எதிர்பார்த்தேன். மனுசனுக்கு ஒரே சந்தோசம்.

“அட, ஆமா! பாரேன்! நானும் அதத்தான சொன்னேன்? எங்க கேட்டேன்னே ஞாபகம் இல்ல முனீசு.”

“அதுக்காக நான் லெட்டர் குடுத்தேன் மாமா.”

“நீயும் சிரிச்சயில்ல?”

“சிரிச்சேன். அதான் வயிறு எரியுது.”

“விளையாட்டுக்குச் சொன்னதப் போயி இம்புட்டுப் பெருசு பண்ணிக்கிட்டு...”

“நீங்க விளையாட்டுக்குச் சொன்னீக. நான் லெட்டர விளையாட்டுக்கா குடுத்தேன்?”

அவர் சோற்றைப் பிசைந்தார். “இப்ப என்ன, மலைக்குப் போகப் போறியா?” என்றார். என் வரிசை வரும்போது மிச்சம் இருக்கப்போவது மேகமலைப் பக்கம் ஒரே ஒரு பள்ளிதான் என்று ஊருக்கே தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் மோட்டார் போட வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். சண்டை போடக்கூட இந்த மனுசனிடம் இடம் கிடைக்காது.

வெள்ளிக்கிழமை தேனிக்கு ஜான்சி டீச்சரோடு பஸ்ஸில் போனேன். பட்டியலில் எனக்கு முந்தின பெயர் அவளுடையது. அவளும் கடிதத்தோடு வந்திருந்தாள். மாமனாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், கூட்டிப்போக வேறு ஆள் இல்லை. அழுது அழுது எழுதியதாகச் சொன்னாள். அவளைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. நான் போன தடவை சிரித்துக்கொண்டே எழுதினேன்.

ஜான்சி கொடுத்துவிட்டு நகர்ந்ததும் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் போய் நிற்பதற்குள் மேசையில் இருந்தவர் கடிதத்துக்காகக் கையை நீட்டிவிட்டார். நீட்டிய கையைப் பார்த்ததும் அதுவரை இல்லாத ஒரு வீம்பு வந்தது.

“லெட்டர் இல்ல சார். காலியிடத்தக் காட்டுங்க.”

“மலையில ஒண்ணுதான்மா இருக்கு. எஸ்டேட் பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல். சின்னமனூர்ல இருந்து பஸ்ஸும் கம்மி. தங்கித்தான் பாக்கணும்.”

“சரி சார்.”

“வீட்டுல கேட்டுக்கிட்டீங்களா?”

“முன்னால ஸ்கூல் எடுத்துட்டுப் போன சாருங்ககிட்ட இதக் கேட்டீங்களா சார்?” என்றேன். அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்துப் போட்டேன். குளிர், தனி வீடு, வாரக் கடைசியில் மட்டும் மகள் முகம். எல்லாம் எனக்கும் பயம்தான்.

ஊருக்கு வந்து வீட்டுக்குப் போகாமல் நேரே தோட்டத்துக்குப் போனேன். பந்தலுக்கடியில் அவரும் வேலையாள் அம்மாவாசியும் கொடியை இழுத்துக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்டரைக் காட்டினேன். வாசித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

“மலைக்கா? அங்கன அட்டை கடிக்குமே. ஒன்னயக் கடிச்சா அந்த அட்டை என்னத்துக்காகும்?”

அம்மாவாசி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“இது எத்தனையாவது எபிசோடு மாமா?”

அம்மாவாசி சிரிப்பை நிறுத்திவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்துபோனார்.

“ராகவன் சொல்றத விடுங்க. அவன் சொல்றது பூராத்தையும் பாத்துட்டேன். நீங்க என்ன சொல்றீக?”

அவர் கையிலிருந்த சணலை ஒரு தடவை சுற்றி, அவிழ்த்து, மறுபடியும் சுற்றினார். நாலு பேர் கூடிய இடத்தில் ஒரு நொடி தாமதிக்காமல் பதில் சொல்லும் மனுசன், பொண்டாட்டி கேட்ட ஒரு கேள்விக்கு நின்ற நிலை பார்க்கச் சகிக்கவில்லை. போதும், வாங்க வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

“போகாத முனீசு” என்றார். “வீட்டுல நீ இல்லேன்னா எனக்குப் பயமா இருக்கும்.”

பதினெட்டு வருடத்தில் அவர் என்னிடம் சொந்தமாகச் சொன்னது இது ஒன்றுதான். இதை மூன்று வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால், மனதார அந்தக் கடிதத்தைக் கொடுத்திருப்பேன். இன்றுவரை அதற்காக வருத்தப்பட்டிருக்கவும் மாட்டேன்.

“திங்கக்கிழமை சேரணும் மாமா” என்றேன். அவர் கட்டுவதற்காகக் கொடியைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.