வீட்டில் விலக்கிய சொல்

அக்காவின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது நடுவில் ஒரு சிறு வட்டமாக நின்றிருந்தது. அதுவும் தங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்று முதல் வீட்டில் ஒரு சொல்லுக்குத் தடை விழுந்தது. 'பார்' என்று யாரும் வாயெடுப்பதில்லை. தம்பி மனைவி டீயை நீட்டி, "சர்க்கரை போதுமான்னு குடிச்சு... குடிச்சுட்டு சொல்லுங்க அண்ணி" என்று தடுமாறுவாள். தம்பியோ, "டிவி கேக்கறியாக்கா?" என்பான். சிரிப்பை அடக்குவதே அக்காவுக்குப் பெரும்பாடாக இருந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தனியாளாக வளர்த்த இரும்புச் சாமான் கடையை வாடகைக்கு விடத் தம்பி ஆள் பிடித்துவிட்டான். அந்த ஆள் அன்று மாலையே சாவி வாங்க வருவதாக ஏற்பாடு.

காலையில் குழாய்க்காரர் கடைக்குள் நுழைந்தார். தெருவில் அவருக்கு 'அவசரம்' என்றுதான் பெயர்.

"அக்கா, இந்த போல்ட்டுக்கு ஒரு நட்டு குடுங்க. அங்க வீடே மிதக்குது!"

அக்கா பழக்கத்தில் ஒரு பெட்டிக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தாள்.

"என்னக்கா, கடகடன்னு ஆடுது?"

வாசலில் நின்ற தம்பி, "இதுக்குத்தான் நான் சொல்றேன்" என்றான்.

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. என்றாலும் அந்தக் கடகட சத்தம் அவளை விடவில்லை. அவள் கொடுத்தது அரை இஞ்ச் நட்டு, அவர் கொண்டுவந்தது பன்னிரண்டு மில்லிமீட்டர் போல்ட். அவை இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஆளை ஏமாற்றும். இத்தனை காலமும் பெட்டியில் ஒட்டிய சீட்டை நம்பியே ஓட்டியிருக்கிறாள். இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

அவருடைய போல்ட்டை வாங்கி, ஓர் அரை இஞ்ச் போல்ட்டையும் எடுத்து, இரண்டின் மரை வரிகள்மீதும் மாறி மாறி நகத்தால் இழுத்தாள். அரை இஞ்ச் கரகரவென்று தடுக்கியது. அவருடையதில் நகம் பொடிப்பொடியாகப் படியிறங்கியது.

"அட!"

பக்கத்துப் பெட்டியில் துழாவி வேறொரு நட்டை நீட்டினாள். "இதைச் சுத்திப் பாருங்க."

தம்பி பதறினான். "அக்கா..."

"என்னடா? தொட்டுப் பாக்கறோம், கேட்டுப் பாக்கறோம், மோந்து பாக்கறோம். இதுல கண்ணுக்கு எவ்வளவுடா பங்கு?"

"உங்க பஞ்சாயத்தை அப்புறம் வெச்சுக்குங்க. இது ஆடாம கச்சிதமா ஏறுதுக்கா!" என்று சொல்லிக்கொண்டே அவசரம் பறந்துவிட்டார்.

தம்பி மெல்ல உள்ளே வந்தான். "ஒண்ணு சரியா வந்துடுச்சு. எல்லாமே இப்படி வருமா?"

"தெரியலடா. தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கு. அந்தாளை வர வேணாம்னு சொல்லிடு."

"மூணு மாசம் தள்ளிப் போடட்டுமா?"

"வேணாம்னே சொல்லிடு. பேசிட்டு வந்து பெட்டியெல்லாம் கீழ இறக்கு. கைக்குத் தோதா மாத்தி அடுக்கணும்."

அவன் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்ததும் முதல் பெட்டியைத் தரையில் இறக்கினான்.

"வாஷர் எல்லாம் எங்க வைக்கறது?"

"அதான் எனக்கும் புரியல" என்றபடி அக்கா கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டாள்.