ஃபிர்மினின் பின்சக்கரம்

எங்கள் சைக்கிள் கிளப்பின் முதல் குழுவில் பன்னிரண்டே பேர். பதின்மூன்றாவது ஆளாக மூன்று வருடம் காத்துக் கிடந்தவன் நான். இரண்டாம் குழுவில் எனக்கு முன்னால் ஓட்டுகிறவர் ஒரு பல் டாக்டர். சாலையில் குழி வந்தால் கையைக் காட்டுவதோடு நிற்கமாட்டார், அந்தக் குழியின் வரலாற்றையும் சொல்வார். மூன்று வருடம் அந்த முதுகையே பார்த்து மிதித்தால் எவனுக்கும் குணம் கெட்டுப்போகும். இதை நியாயம் என்று சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் குழுவில் ஆட்டம் கண்டிருந்த இடம் ஃபிர்மினுடையது. வயது அறுபத்துமூன்று. போன அக்டோபரில் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். எங்கள் தலைவி ஹில்டா, ஏப்ரலில் கடற்கரை வரை போய்த் திரும்பும் நூற்றிருபது கிலோமீட்டர் ஓட்டத்தை அவருக்குச் சோதனையாக வைத்தாள். குழுவோடு ஊர் திரும்பினால் இடம் அவருக்கே. இல்லையென்றால் மூன்றாம் குழு. அது மின்சார சைக்கிள்காரர்களின் குழு, அப்பம் தின்பதற்கென்றே கிளம்புகிறவர்கள். அங்கே தள்ளினால் ஓட்டுவதையே விட்டுச் சைக்கிளை ஆணியில் மாட்டிவிடுவேன் என்று ஃபிர்மின் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அவர் போனால் அடுத்தது நான் என்பதால் அன்றைக்கு என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பஞ்சருக்கு எங்களிடம் ஒரே விதிதான். ஒருவருக்காக வழியில் ஒரு தடவை நிற்போம். இரண்டாம் தடவை யாரும் பிரேக்கைத் தொடமாட்டோம்.

பதினைந்தாவது கிலோமீட்டரில், கால்வாய்க்கரைப் பாதையில், ஃபிர்மினின் பின்சக்கரம் சீறி அடங்கியது. எல்லோரும் இறங்கினோம். ஹில்டா கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் மளமளவென்று புது ட்யூபை மாட்டினார். இளஞ்சிவப்பு லேடக்ஸ் ட்யூப், கனமே இருக்காது, அதில் அவருக்கு அப்படியொரு பெருமை. பிறகு கைபம்பைக் கழற்றினார். முப்பது வருடமாக அவருக்கு அது ஒன்றுதான். பந்தய டயர் கெட்டிப்பட அதில் முந்நூறு அடியாவது அடிக்க வேண்டும்.

ஐம்பதாவது அடியிலேயே உதடு வெளுத்துவிட்டது. கமீல் என்று ஒரு கறிக்கடைக்காரன், வாய்க்கொழுப்புக்குப் பேர் போனவன்.

“அண்ணே, காத்து டயருக்குப் போகுதா, இல்ல உங்களுக்கே பத்தலையா?” என்றான்.

சிரித்தார்கள். ஹில்டா சிரிக்கவில்லை, நாலு நிமிஷம் ஆகிவிட்டது என்று மட்டும் சொன்னாள். நான் முதுகுப் பையிலிருந்து, பம்புக்குப் பதிலாக வைத்திருக்கும் கார்பன்-டை-ஆக்சைடு கேஸ் குப்பியை எடுத்து நீட்டினேன். விரல் நீளந்தான் இருக்கும். வால்வில் வைத்துத் திருகினால் இரண்டு நொடியில் டயர் கல்லாகிவிடும்.

ஆனால் அந்தக் கேஸ் லேடக்ஸில் நிற்காது. சாதாரணக் கறுப்பு ட்யூபில் வீடு போய்ச் சேரும்வரை தாங்கும். இதில், ஓட்டையே இல்லாமல், ரப்பர் வழியாகக் கசிந்து இரண்டு மணி நேரத்தில் தொளதொளத்துவிடும். போன வருடம் மழையில் பதினொரு கிலோமீட்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து நான் கற்ற பாடம் இது. ஃபிர்மின் வாழ்நாளில் கேஸைத் தொட்டதில்லை.

அவர் கையிலிருந்த பம்பைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார்.

“இத நம்பலாமா தம்பி?”

“கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்ணே.”

குப்பியின் மேல் வெள்ளையாகப் பனி படர்ந்தது. டயர் நிமிர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் என் தோளில் தட்டிவிட்டு ஏறினார். அன்று அருமையாக ஓட்டினார், அதையும் சொல்லிவிட வேண்டும். கிழக்குக் காற்று முதுகைத் தள்ள, கடற்கரை வரை பாதித் தூரம் அவரே முன்னால் போனார்.

கடற்கரைக் காப்பிக்கடையில் அரை மணி நேர ஓய்வு. சைக்கிள்களைச் சுவரோரம் சாய்த்துவிட்டு எல்லோரும் பொரித்த இறால் குரோக்கெட் தின்ன உள்ளே போனார்கள். கையுறையைத் தேடுகிற மாதிரி நான் பின்தங்கினேன். அவருடைய பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பிசைந்த மாவு மாதிரி உள்ளே போனது. கடை வாசலிலேயே பெரிய பம்பு ஒன்று நின்றது. ஓய்வு நேரத்தில் காற்றடித்தால் அது விதிப்படி நிற்பதாகாது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் உள்ளே போய் சூப் வாங்கினேன். சூப் நன்றாக இருந்தது.

திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறைந்தது. எழுபத்தாறாவது கிலோமீட்டரில் ஒரு பாலம். அதில் ஏறும்போது அவருடைய சக்கரத்தின் உலோக விளிம்பு தரையில் இடித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஃபிர்மின் கையைத் தூக்கினார். ஹில்டா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் ஃபிர்மின்” என்றாள்.

யாரும் பிரேக்கைத் தொடவில்லை. நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன். சாலையோரம் குத்தவைத்து உட்கார்ந்து பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நாங்கள் ஊர் மதுக்கடையில் மூன்றாவது பியரில் இருந்தபோது அவர் வந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. உட்காருவதற்கு முன்பே எனக்கு ஒரு பியர் சொன்னார்.

“இன்னைக்கு மனுஷனா நடந்துக்கிட்டவன் இவன் ஒருத்தன்தான்” என்றார். “குப்பியக் குடுத்தான். அதோட விட்டானா? நீங்கல்லாம் உள்ள தின்னுக்கிட்டு இருக்கீங்க, இவன் வெளிய நின்னு என் டயர அமுக்கிப் பாக்குறான். சன்னல் வழியா நான் பாத்தேன். வந்து ஒண்ணும் சொல்லாம உக்காந்தான். சரி, கல்லு மாதிரிதான் இருக்குன்னு நான் எந்திரிச்சுக்கூடப் பாக்கல.”

கடுகு விழுது தொட்ட சீஸ் துண்டோடு கமீலின் கை பாதியில் நின்றது. ஹில்டா என்னையே பார்த்தாள்.

“அமுக்கிப் பாத்தியா?”

“பாத்தேன்.”

எப்படி இருந்தது என்று அவள் கேட்கவில்லை.

“செவ்வாக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு மொதல் குழு கெளம்பும். லேட்டா வராத” என்றாள்.

முதலில் கமீல் சிரித்தான். பிறகு மேசை முழுக்கச் சிரித்தது. எதற்கென்று தெரியாமல் ஃபிர்மினும் சேர்ந்து சிரித்தார். மறுநாள் சொன்னபடியே சைக்கிளை ஆணியில் மாட்டிவிட்டார்.

இப்போது நான் முதல் குழுவில் இருக்கிறேன். காப்பிக்கு நிற்கிற இடத்திலெல்லாம் யாராவது ஒருவர் வெளியே பின்தங்குகிறார். சன்னலுக்கு நேராக நின்று, எனக்குத் தெரியும்படி என் பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். உள்ளே வந்து ஒன்றும் சொல்லாமல் சாப்பிட உட்காருகிறார். நான் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன். இதுவரை ஒரு தடவைகூட இளகியிருக்கவில்லை. திரும்பி வந்து, பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஆறிப்போன சூப்பைக் குடிக்கிறேன்.