நெஞ்சுக் கட்டு

பதுளைக் கடைத்தெருவில் என்னைப் பற்றி ஒரு பெருமை உண்டு. துணிக்கடை தாஸிம் முதலாளியின் பெண்சாதி ஸவாஹிராவை, கல்யாணமாகி வந்த நாள் முதல் எந்த அந்நிய ஆணும் கண்டதில்லை என்பார்கள். அந்தப் பெருமையைப் பரப்பியது பெரும்பாலும் நான்தான். வீட்டுக்கு வருகிற பெண்களிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லி அனுப்பிவிடுவேன். சமையலில் எனக்குப் பெயரில்லை, தையல் வராது. பெருமைப்பட்டுக்கொள்ள வேறு என்னதான் இருந்தது?

ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றிருந்தது. அந்த மழைக்காலத்தில்தான் என் கடைசி மகள் நளீரா பிறந்து நாற்பது நாள் கழிந்திருந்தது. ஒரு காலையில் எனக்கு இடது மார்பில் பால் கட்டிக்கொண்டது. கல்லாக இறுகிச் சிவந்து, சேலை பட்டாலே உயிர் போயிற்று. மல்லிகைப் பூ வைத்துக் கட்டச் சொன்னாள் பக்கத்து வீட்டு மர்லியா. கட்டினேன். அறை கல்யாண வீடுபோல மணத்தது. வலி அப்படியே இருந்தது. பிறகு காய்ச்சலும் வந்து சேர்ந்தது.

"ஆசுபத்திரிக்குப் போவமா?" என்று கேட்டார் கணவர்.

"அந்நிய ஆம்புளைக்கு முன்னால நான் போய் இரிக்கிறதா? மௌத்தாகி உயிரே போனாலும் போக மாட்டேன்!" என்றேன். சுவருக்கு அப்பால் மர்லியாவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

எனவே எனக்குப் பதிலாக அவர் போனார். கடையில் வாய் ஓயாமல் பேசித் துணி விற்கிற மனிதருக்கு, டொக்டர் முன்னால் 'மார்பு' என்ற சொல் வாயில் வரவில்லை.

"வீட்டுல அவக்கு நெஞ்சுல கட்டிரிக்கி" என்றாராம்.

"காய்ச்சலும் இருக்கோ?" என்று கேட்டாராம் டொக்டர். அவர் யாழ்ப்பாணத்தவர்.

"இரிக்கி."

"மூச்சு விடக் கஷ்டமோ?"

"நோவுல மூச்சு விடவும் ஏலாமத்தான் இரிக்கி."

நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று எண்ணிய டொக்டர் இருமல் மருந்து ஒரு போத்தல் கொடுத்தனுப்பினார். நான் வேளை தவறாமல் குடித்தேன். கடுங்கசப்பு. அதனாலேயே நல்ல மருந்து என்று நம்பினேன். போத்தல் முடிந்ததும் கணவர் மறுபடி போனார். இருமல் எப்படி என்று டொக்டர் கேட்க, இருமலே இல்லை என்று இவர் உண்மையைச் சொல்ல, இன்னொரு போத்தல் கிடைத்தது.

"மருந்து பிடிச்சிட்டாம், டொக்டரே சொன்னார்" என்று முகமெல்லாம் மலர வந்து சொன்னார். இங்கே என் மார்பில் கட்டி பழுத்து ஊதா நிறமாகிக்கொண்டிருந்தது. இருந்தும், மருந்து பிடித்துவிட்டது என்றதும் நானும் சந்தோஷப்பட்டேன். என் புத்தியின் அளவு அவ்வளவுதான்.

பால் போதாமல் நளீரா கத்திக்கொண்டே இருந்தாள். ஒரு ஞாயிறு காலையில் கத்துவதை நிறுத்திவிட்டாள். தூங்கவுமில்லை. அழத் தெம்பில்லாமல் என் முகத்தையே பார்த்துக் கிடந்தாள். நான் கணவரைக் கூப்பிட்டேன்.

"கரத்தையைக் கூப்பிடுங்க. ஆசுபத்திரிக்குப் போவம்."

அவர் ஒரு வார்த்தையும் கேட்காமல் ஓடினார். அதை எதிர்பார்த்தே காத்திருந்தார் போலும்.

நாலு பக்கமும் திரை கட்டிய மாட்டுக் கரத்தையில், இரண்டு போர்வைகளுக்குள் நான் இருந்தேன். சந்தை நாளானதால் தெருவெங்கும் சனக்கூட்டம். ஆசுபத்திரி ஏற்றத்தில் மாடு படுத்துவிட்டது. மிச்ச வழியை நடந்தே போகவேண்டியதாயிற்று. இவ்வளவு காலம் யார் கண்ணிலும் படாத ஸவாஹிரா தெருவில் இறங்குகிறாள், ஊரே திகைத்து நிற்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். ஒருவரும் திரும்பவில்லை. வெலிமடை மரக்கறி வண்டிக்காரன் மட்டும், "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்தினான். அந்தக் காய்ச்சலிலும் எனக்கு மனம் நொந்தது.

நர்ஸ் போர்வையை வேண்டிய இடத்தில் மட்டும் விலக்கினாள். டொக்டர் பார்த்துவிட்டுக் கதவருகே நின்ற கணவரிடம் திரும்பினார்.

"இதையோ நெஞ்சுக் கட்டு எண்டு சொன்னனீர்?"

கணவர் சுவரைப் பார்த்தார். அங்கே பார்க்க எதுவும் இல்லை.

"இருமல் மட்டும் வரவே இல்ல, டொக்டர்" என்றேன் நான், அவருக்கு உதவியாக. நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கத்தி வைத்தபோது நான் போட்ட சத்தம் கடைத்தெரு வரை கேட்டதாக மர்லியா பிறகு சொன்னாள். அந்நிய ஆண் என் முகத்தைக் காணவில்லை என்ற பெருமை மிஞ்சியிருந்தாலும், குரலைப் பற்றி இனி எதுவும் பேச முடியாது.

பெண்கள் பகுதியில் அடுத்த கட்டிலில் வேலாயி என்பவள் கிடந்தாள். ஹாலிஎலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். முகமும் காலும் வீங்கி, உதடு வெளுத்திருந்தது. பிள்ளை பெற்ற பிறகு அவளுக்கு இரத்தப்போக்கு நிற்கவேயில்லை.

"உனக்கென்ன புள்ள, திரையா, போர்வையா? நெனச்ச நேரம் ஆசுபத்திரிக்கு வரலாம்" என்றேன் பொறாமையோடு.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நெனச்சா வரலாங்களா? காலையில பெரட்டுல பேரு கூப்புடுறப்ப ஆளு நிக்கணுங்கம்மா. முடியலன்னா, 'நேத்து நல்லாத்தானே இருந்த'ம்பாரு கங்காணி. அத்தன ஆம்பளைங்க முன்னால என்ன நோவுன்னு எப்படிச் சொல்றது? வயித்து வலின்னேன். தோட்டத்து மருந்துக்காரரு வெளக்கெண்ணெ குடுத்தாரு. மலையில மயங்கி விழுந்தப்பறந்தான் தூக்கிட்டு வந்தாங்க."

"எனக்கு இருமல் மருந்து" என்றேன்.

அவள் முதலில் விளங்காமல் விழித்தாள். கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும், மார்பில் போட்டிருந்த கட்டைப் பிடித்துக்கொண்டு நானும் நோக நோகச் சிரித்தோம். நர்ஸ் வந்து அதட்டினாள்.

மறுநாள் கங்காணி வந்து வாசலில் நின்றார்.

"வேலாயி, கொழுந்து முத்துது. எந்திரி, போவோம்."

அவள் மறுபேச்சில்லாமல் வீங்கிய காலைக் கீழே வைத்தாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, போர்வைக்குள்ளிருந்தே கத்தினேன்.

"அவளை டொக்டர் விட இல்ல! இப்படியே நடந்தா செத்துருவாள். பிறகு கொழுந்தை நீங்களா பறிப்பீங்க?"

"யாருங்க அது?" என்று திடுக்கிட்டார் கங்காணி.

"தாஸிம் முதலாளி வீட்டு ஆள்!"

அவர் என்னைக் கண்டு நடுங்கினார் என்று சொல்லத்தான் ஆசை. நடுங்கியது நான். முகம் மூடியிருந்ததால்தான் அவ்வளவு வீரமும் வந்தது. அவர் டொக்டரைத் தேடிப் போனார். டொக்டர் முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கால் வீக்கம் வடிந்து, உதட்டில் கொஞ்சம் நிறம் வரும்வரை வேலாயி அங்கேயே இருந்தாள். பிறகு அதே லயத்து அறைக்கும், அதே பெரட்டுக்கும் திரும்பிப் போனாள். அதை மாற்ற என் சத்தம் போதவில்லை.

என் புண் ஆறியது. மறுபக்கத்துப் பாலைக் குடித்து நளீராவும் தேறினாள்.

மழை விட்டுப் பல மாதம் கழித்து, மர்லியா ஒரு பகல் பின்கதவால் வந்தாள். பிள்ளை பெற்றதிலிருந்து கருப்பை இறங்கியிருக்கிறதென்றும், உட்காரவும் முடியவில்லையென்றும் என் காதில் சொல்லி அழுதாள். இத்தனை வருடமும் என் பெருமைகளையெல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே இருந்தவள், இதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. நானும் கேட்டதில்லை.

அவளைக் கரத்தையில் ஏற்றிக்கொண்டு போனேன். வழி நெடுக நானே பேசினேன். டொக்டர் முன்னாலும் நானே பேசினேன். நோவு எப்படித் தொடங்கியது, டொக்டர் என்ன மருந்து தரவேண்டும் என்பது வரை சொல்லிக்கொண்டே போனேன். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"இதிலை மருந்துக்கு வந்த வருத்தக்காரி ஆர்? நீங்களோ, அவவோ?"

வாயை மூடினேன். கத்தி வைத்தபோதுகூட அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. மர்லியா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கீழே பார்த்தபடி, மெல்லிய குரலில் தன் நோவைத் தானே சொல்லத் தொடங்கினாள்.